மேசைக் கடலுக்கு ஒரு முழுக் கப்பற்படை: சிறு போர்க்கப்பல்களைத் தொகுதியாகச் செய்து வண்ணம் தீட்டும் முறை

மேசைமீது கடற்போர் விளையாட்டு நடத்துவதற்காகக் கப்பல்களைச் சேர்ப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு விகிதம். 251 மீட்டர் நீளமுள்ள ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க் 1:1200 விகிதத்தில் ஏறத்தாழ 21 செ.மீ. இருக்கும்; 1:3000இல் 8.4 செ.மீ.; 1:6000இல் 4.2 செ.மீ. மட்டுமே. நான்கைந்து கப்பல்கள் மோதும் ஆட்டத்துக்குப் பெரிய விகிதம் அழகுதான். ஆனால் 1916இல் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிய ஜட்லாந்துக் கடற்போரில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 250 கப்பல்கள் இருந்தன. அத்தகைய படையை முழுமையாகத் திரட்ட விரும்புபவர் 1:3000 அல்லது அதனினும் சிறியதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 1:3000இல்கூட 15 கிலோமீட்டர் சுடுதூரத்துக்கு 5 மீட்டர் தரை வேண்டும் என்பதால், பெரும்பாலான விதிநூல்கள் தூரத்தைத் தனியாகச் சுருக்கிக்கொள்கின்றன.

அடுத்து, ஏதேனும் ஒரு போரின் அணிவகுப்புப் பட்டியலை (எந்த அணியில் எந்தக் கப்பல்கள் இருந்தன என்பதை) எடுத்து, அதிலுள்ள ஓர் அணியை மட்டும் வாங்குங்கள். பட்டியலின்றி, கண்ணில் பட்ட புகழ்பெற்ற கப்பல்களையெல்லாம் வாங்குபவரிடம் பெரும் போர்க்கப்பல்கள் குவிந்திருக்கும். அவற்றுக்குத் துணையாகச் செல்லும் நாசகாரிகள் இருக்கமாட்டா.

உலோக வார்ப்புகளில் ஒட்டியிருக்கும் பிசிறுகளை நுண் அரத்தால் நீக்கி, சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பழைய வார்ப்புகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஈரமாக வைத்து அராவுவதும், வேலை முடிந்ததும் கைகளைக் கழுவுவதும் கட்டாயம். பீரங்கி மேடை, கொடிமரம் போன்ற தனி உறுப்புகளைச் சூப்பர் குளூவால் ஒட்டலாம். மெல்லிய கொடிமரங்கள் ஆட்டத்தின்போது வளைந்தும் ஒடிந்தும் போகும். அவற்றுக்குப் பதிலாகச் சிறு பித்தளைக் கம்பியைப் பொருத்துவது நீடித்து உழைக்கும்.

வண்ணம் தீட்டும்போது ஒரு கப்பலை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவது பெரிய தொகுப்புக்கு ஒத்துவராது. பத்துப் பன்னிரண்டு கப்பல்களை மரக் குச்சிகளில் தற்காலிகமாக ஒட்டி, ஒரே படிநிலையை எல்லாவற்றுக்கும் செய்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். முதலில் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, பின்பு உடற்பகுதியின் சாம்பல் நிறம், அதன்பின் மேல்தளம். நீர்த்த கருஞ்சாயத்தை மேலே பூசினால் அது பள்ளங்களில் தங்கி நிழலாகும். அது நன்றாகக் காய்ந்ததும், ஏறக்குறைய வறண்ட தூரிகையில் வெளிர் சாம்பலை எடுத்து மேடுகளில் மட்டும் தடவினால் பீரங்கிகளும் படகுகளும் எழுந்து தெரியும். கைநீளத் தொலைவில் தெரியாத நுணுக்கத்துக்காக நேரம் செலவிடாதீர்கள். ஆட்டக்காரர்கள் அதைவிட நெருங்கிப் பார்ப்பது அரிது.

சாம்பல் நிறத்தை முழு அணிக்கும் போதுமான அளவு ஒரே முறையில் கலந்து, மூடியுள்ள குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை கலக்கும்போது அதே நிறம் வருவது கடினம். சிறு உருவங்களில் நிறங்கள் அடர்ந்து தோன்றுவதால், உண்மை நிறத்தைவிடச் சற்று வெளுப்பாகக் கலப்பது நன்று. எந்த நாடு, எந்த ஆண்டு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையின் 21ஆம் வண்ணத் திட்டத்தில் செங்குத்துப் பரப்புகள் யாவும் கருநீலம். 22ஆம் திட்டத்தில் உடற்பகுதியின் கீழ்ப்பகுதி கருநீலமும் அதற்கு மேலே வெளிர் சாம்பலும் வரும். ஜப்பானியக் கப்பல்களின் சாம்பலோ கட்டுந்தளத்துக்குத் தளம் வேறுபட்டது. அவர்களுடைய குரூசர்களின் தளங்களில் பலவற்றுக்குச் செம்பழுப்பு லினோலியம் என்னும் தரைவிரிப்பு விரிக்கப்பட்டிருந்தது. பிஸ்மார்க்கின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் படத்தில் கவர்ச்சியாக இருந்தாலும், 1941 மே மாதம் அட்லாண்டிக்குக்குப் புறப்படுமுன் அவை பூசி மறைக்கப்பட்டுவிட்டன.

கப்பல்களை ஒட்டி நிறுத்தும் அடித்தட்டுகளை விதிநூல் கூறும் அளவில், ஒவ்வொரு வகைக்கும் ஒரே சீராக வெட்டி, அக்ரிலிக் ஜெல்லால் அலைகளை எழுப்பி, காய்ந்தபின் நீலப்பச்சை பூசுங்கள். கப்பலின் முகப்பிலிருந்து விரியும் நுரைக்கு வெள்ளை போதும். மங்கலான வார்னிஷ் பூசியபின், பெயரையும் அணியையும் அடித்தட்டின் பின்விளிம்பில் எழுதுங்கள். ஒரே வகுப்பைச் சேர்ந்த கப்பல்களை ஆட்டத்தின் நடுவே அடையாளம் காண வேறு வழியில்லை. அடித்தட்டின் கீழே காந்தத் தாளை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த தட்டையான பெட்டியில் அணிவாரியாக அடுக்கினால், எடுத்துச் செல்லும்போது கப்பல்கள் ஒன்றோடொன்று உராயமாட்டா.