பழைய அமெரிக்க சென்ட் சேகரிப்பு: நல்ல நிலையில் உள்ள காசைப் பார்த்து வாங்குவது எப்படி?

செம்பு கொஞ்சம் பொல்லாத உலோகம். காற்று, ஈரம், விரல் வியர்வை எது பட்டாலும் நிறம் மாறிவிடும். அதனால் அமெரிக்க ஒரு சென்ட் காசில் ஆண்டை மட்டும் பார்த்து விலை சொல்ல முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் அச்சான 1926 சென்ட், தேய்ந்த நிலையில் எளிதாகவே கிடைக்கும். அதே காசு அச்சிட்ட நாளின் செந்நிறத்தோடு இருந்தால் பெரிய சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு ஏலம் கேட்பார்கள். ஆகவே அரிய ஆண்டுகளைத் தேடி ஓடாமல், முதலில் கண்ணைப் பழக்குங்கள்.

படி 1: எந்த வகை?

1793 முதல் 1857 வரை வந்தவை பெரிய சென்ட்டுகள். அவற்றின் விலையும் பெரிது, இப்போதைக்கு வேண்டாம். 1859 முதல் 1909 வரை இந்தியன் ஹெட், அதாவது செவ்விந்தியர் இறகுத் தலையணி அணிந்த முகம் கொண்டது. 1909 முதல் 1958 வரை, பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள் கொண்ட லிங்கன் சென்ட். இதைத்தான் வீட் (கோதுமை) சென்ட் என்கிறார்கள். தொடங்க இதுவே சரி.

1940கள், 50களின் காசுகள் புழக்கத்துக்கே போகாத நிலையில் சில டாலருக்குக் கிடைக்கும். அவற்றில் நாலைந்து வாங்கிப் பழகிய பிறகு, 1909 வி.டி.பி. ஒன்று வாங்கலாம். லிங்கன் பிறந்த நூற்றாண்டுக்காக 1909 ஆகஸ்ட் 2 அன்று வெளியான காசு இது. பின்புறத்தின் அடியில் வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் இருக்கும். அவை துருத்திக்கொண்டு தெரிகின்றன என்று எதிர்ப்பு வர, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். புதுக் காசு என்று மக்கள் அள்ளிப் பத்திரப்படுத்தியதால், பிலடெல்பியாவில் அச்சான சுமார் 2 கோடியே 80 லட்சத்தில் நல்ல காசுகள் நிறையவே பிழைத்திருக்கின்றன. நூறு வயது தாண்டிய காசு, கட்டுப்படியாகும் விலை!

அச்சான ஊரைக் காசே சொல்லும்: ஆண்டுக்குக் கீழே 'டி' இருந்தால் டென்வர், 'எஸ்' இருந்தால் சான் பிரான்சிஸ்கோ, எதுவும் இல்லை என்றால் பிலடெல்பியா.

படி 2: கையில் என்ன வேண்டும்?

ஐந்து முதல் ஏழு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒற்றை பல்ப் உள்ள மேசை விளக்கு, ஒரு மெத்தென்ற துணி. ட்யூப்லைட் வெளிச்சம் உதவாது. காசை எப்போதும் விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தில் விரல் பட்டால் ரேகை அப்படியே படிந்து நிற்கும்.

படி 3: பார்க்கக் கற்றுக்கொள்வது

அவசரப்படக் கூடாத இடம் இது. காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். புழங்காத காசில் ஒளிக்கீற்றுகள் ஆரக்கால் போல மையத்தைச் சுற்றி நகரும். அடுத்து மேடான இடங்கள்: லிங்கனின் கன்ன எலும்பும் தாடையும், பின்புறம் கதிர்களில் ஓடும் மெல்லிய கோடுகள். அங்கே மட்டும் நிறம் மங்கி, அந்த ஒளி அறுந்து போனால் அது தேய்மானம். கோடுகள் தெளிவில்லை, ஆனால் ஒளி தடையில்லாமல் ஓடுகிறது என்றால் அது அச்சே சரியாக விழாத காசு. 1920களின் டென்வர், சான் பிரான்சிஸ்கோ காசுகளில் இது சகஜம்.

தரத்தை 1 முதல் 70 வரை எண்ணால் குறிப்பார்கள். 60உம் அதற்கு மேலும் புழங்காதவை. கூடவே நிறமும் உண்டு: சிவப்பு, சிவப்பு-பழுப்பு, பழுப்பு. என் கணக்கில் 63, 64 தரத்தில் ஒளி குறையாத பழுப்புக் காசுதான் லாபம். சிவப்புக்குக் கூடுதல் பணம் கொடுத்து வாங்கி, நம் வீட்டு அலமாரியில் அது பழுப்பானால் யாரைக் கேட்பது?

படி 4: தேய்த்து விளக்கிய காசை ஒதுக்குங்கள்

செம்பு கறுத்தால் புளி போட்டுத் தேய்ப்பது நம் கைப்பழக்கம். நாணயத்தில் அதைச் செய்தால் தீர்ந்தது. பாலிஷும் வேண்டாம், பேக்கிங் சோடாவும் வேண்டாம். மேல்தோல் போனால் திரும்பாது, விலையும் சரிந்துவிடும். விற்பவர் விளக்கியிருந்தால் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு: ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், இயல்பில்லாத இளஞ்சிவப்பு, எழுத்துகளின் ஓரத்தில் மட்டும் தங்கிய அழுக்கு. 1943இல் போருக்காகச் செம்பை மிச்சப்படுத்த, துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். அவற்றில் கண்ணாடி போல மின்னுபவை பெரும்பாலும் பின்னாளில் மறுபூச்சு செய்தவை.

படி 5: போலிகள்

தவறுதலாகச் செம்பில் அடித்த அரிய 1943 சென்ட் என்று யாராவது நீட்டினால் முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் எஃகின் மேல் செம்புப் பூச்சு. ஒட்டாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், 1948இன் 8ஐச் செதுக்கி 3 ஆக்குவதும் உண்டு. டென்வரின் 1914 காசு அரிது என்பதால், 1944இன் முதல் 4ஐ 1 ஆக்கி விற்பார்கள். லிங்கனின் தோளடியில் லென்ஸை வையுங்கள். வி.டி.பி. எழுத்துகள் 1918இல்தான் அங்கே வந்தன. 1914 காசில் அவை இருந்தால் போலி. சான் பிரான்சிஸ்கோவின் 1909 வி.டி.பி. மொத்தமே 4,84,000தான். 'எஸ்' எழுத்தை ஒட்டிய போலிகள் ஏராளம் என்பதால், நாணயத் தரச்சான்று நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி.யின் முத்திரைப் பெட்டியில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். சான்று எண்ணை அவர்கள் தளத்திலேயே சரிபாருங்கள்.

படி 6: வைப்பது

பி.வி.சி. உறை ஆகாது. நாளடைவில் பச்சைப் பிசின் கசிந்து காசை அரிக்கும். மைலார் எனும் தெளிந்த பிளாஸ்டிக் தாளில் சன்னல் வைத்த அட்டை உறை மலிவு, போதுமானது. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்போதே காசுகளையும் எடுத்துப் பாருங்கள். புதிதாகக் கரும்புள்ளியோ பச்சைக் களிம்போ தென்பட்டால், அந்த ஒன்றை மட்டும் தனி டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.