எப்படியும் வாங்கப் போகிற பொருளுக்கு விமான மைலும் சேர்ப்பது எப்படி?

ஆன்லைனில் ஒரு ஷூ வாங்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையின் தளத்துக்கு நேராகப் போகாமல், ஒரு விமான நிறுவனத்தின் ஷாப்பிங் போர்ட்டலுக்குள் (பல ஆன்லைன் கடைகளுக்கு வழிகாட்டும் தளம்) நுழைந்து, அங்கிருந்து அதே கடைக்குப் போனால், அதே விலைக்கு அதே ஷூ கிடைக்கும். கூடவே உங்கள் கணக்கில் கொஞ்சம் மைலும் ஏறும். மைல் என்பது விமான நிறுவனம் தரும் வெகுமதிப் புள்ளி, சேர்த்துவைத்தால் டிக்கெட் வாங்கலாம். செய்ய வேண்டியது கூடுதலாக ஒரு கிளிக். அந்தக் கிளிக்கை அரைகுறையாகச் செய்துவிட்டு "எனக்கு மைலே வரவில்லை" என்பவர்கள்தான் ஏராளம் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில், இந்த மைலை யார் தருகிறார்கள்? வீட்டுக்கு ஆள் பிடித்துத் தரும் தரகருக்குக் கமிஷன் கிடைப்பதுபோல, வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் தளங்களுக்கு ஆன்லைன் கடைகள் கமிஷன் தருகின்றன. போர்ட்டல் அந்தக் கமிஷனில் ஒரு பங்கை மைலாக மாற்றி உங்களிடம் தருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே புரியும். பொருளைத் திருப்பி அனுப்பினால் கடை கமிஷன் தராது, அதனால் மைலும் திரும்பிப் போய்விடும். கிஃப்ட் கார்டு வாங்கினால் பெரும்பாலான கடைகள் கமிஷன் தருவதில்லை, அதனால் மைலும் இல்லை. வரிக்கும் டெலிவரி கட்டணத்துக்கும் பெரும்பாலும் மைல் கணக்காகாது.

படி 1: ஒரே ஒரு மைல் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தொடங்கிய ஏஅட்வான்டேஜ் என்ற மைல் திட்டத்துக்குப் பிறகு, பெரிய விமான நிறுவனங்கள் அநேகமாக எல்லாமே இப்படி ஒன்றை நடத்துகின்றன. உறுப்பினராகச் சேர வழக்கமாகக் காசு கிடையாது. அதனாலேயே கண்ணில் பட்ட திட்டங்களில் எல்லாம் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் முந்நூறு, நானூறு மைல் வைத்திருப்பார்கள். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு டிக்கெட்டும் வாங்க முடியாது.

நீங்கள் அடிக்கடி போகும் ஊருக்கு எந்த நிறுவனம் பறக்கிறது, அதன் கூட்டாளிகள் யார் என்று பாருங்கள். ஏவியோஸ் புள்ளிகளைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியா, கத்தார் ஏர்வேஸ், ஃபின்ஏர் என்று பல நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. இப்படிப் பல கதவைத் திறக்கும் புள்ளிகள் புதியவர்களுக்கு நல்லது என்பது என் கருத்து. அப்புறம், அந்தத் திட்டத்துக்கு ஷாப்பிங் போர்ட்டல் இருக்கிறதா, அது உங்கள் நாட்டில் இயங்குகிறதா என்பதையும் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 2: போர்ட்டலில் கணக்கை இணையுங்கள்

விமான நிறுவனத்தின் தளத்தில் 'மைல் சேர்க்க' என்ற மாதிரியான பகுதிக்குள் போர்ட்டலுக்கு வழி இருக்கும். தேடுபொறியில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்து போகாதீர்கள். போலித் தளங்கள் உண்டு. உறுப்பினர் எண்ணைக் கொடுத்து லாகின் செய்தால் இந்தப் படி முடிந்தது.

படி 3: விகிதத்தைப் பாருங்கள், கொஞ்சம் சந்தேகத்தோடு

ஒவ்வொரு கடைக்கும் எதிரே, செலவழிக்கும் ஒரு டாலருக்கு அல்லது ஒரு பவுண்டுக்கு எத்தனை மைல் என்று போட்டிருக்கும். இது நிலையான எண் அல்ல. இன்று 2 இருப்பது அடுத்த வாரம் 6 ஆகலாம், பண்டிகைக் கால விற்பனையில் இன்னும் ஏறலாம். லாபம் கொழுத்த பொருட்களுக்கு, உதாரணமாக ஆன்டிவைரஸ், வெப் ஹோஸ்டிங் சந்தாக்களுக்கு, விகிதம் தூக்கலாக இருக்கும். லாபம் மெலிந்த எலக்ட்ரானிக்ஸுக்கு ஒன்றோ அதற்கும் கீழோதான்.

'8 மைல் வரை' என்று போட்டிருந்தால் அந்த 'வரை'யைக் கவனியுங்கள். ஏதோ ஒரு வகைப் பொருளுக்குத்தான் 8, மற்றதற்கெல்லாம் 1 என்று உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும்.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். அதே கடைக்கு ஒரு கேஷ்பேக் தளம் பணமாகவே திருப்பித் தரலாம். எது லாபம் என்று தெரிய ஒரு மைலின் மதிப்பு தெரிய வேண்டும். நீங்கள் போக நினைக்கும் பயணத்தைப் பணத்திலும் மைலிலும் தேடிப் பாருங்கள். டிக்கெட் விலை 12,000, மைலில் வாங்கினால் 20,000 மைலோடு 2,000 வரி என்று வந்தால், மிச்சமாகும் 10,000-ஐ 20,000-ஆல் வகுக்க வேண்டும். ஒரு மைலுக்கு அரை. அப்படியானால் அதே பொருளுக்கு 200 மைல் தரும் போர்ட்டலும் 100 பணம் தரும் கேஷ்பேக் தளமும் சமம். சமமாக வந்தால் நான் பணத்தையே எடுப்பேன். மைலின் மதிப்பை விமான நிறுவனம் நினைத்த நேரத்தில் குறைக்கலாம். பணத்தில் அவர்கள் கை வைக்க முடியாது.

படி 4: அந்த ஒரு கிளிக்

மைல் தவறிப்போவது பெரும்பாலும் இங்கேதான். நீங்கள் போர்ட்டலில் இருந்து கடைக்குப் போகும்போது, 'இவரை அனுப்பியது நான்' என்ற அடையாளம் லிங்க் வழியாகவும், பிரவுசரில் பதியும் சிறு குறிப்பான குக்கீ வழியாகவும் கடைக்குப் போகிறது. பல தளங்கள் அனுப்பியிருந்தால் கடைசியாக அனுப்பியவருக்கே கமிஷன் என்பதுதான் பரவலான வழக்கம். ஆகவே போர்ட்டலின் கிளிக் கடைசிக் கிளிக்காக இருக்க வேண்டும்.

செய்முறை இதோ. பொருளைத் தேடுவது, விமர்சனம் படிப்பது, விலை ஒப்பிடுவது எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். கடையின் கார்ட்டில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். போர்ட்டலுக்கு முன்பே சேர்த்த பொருளைச் சில கடைகள் கணக்கில் கொள்வதில்லை. விளம்பரங்களைத் தடுக்கும் ஆட் பிளாக்கரை அணைத்துவிட்டு, குக்கீயை அனுமதியுங்கள். இப்போது போர்ட்டலில் லாகின் செய்து, கடையின் பெயரைக் கிளிக் செய்யுங்கள். திறக்கும் அதே டேபில் பொருளைச் சேர்த்து, பணம் கட்டி முடியுங்கள். நடுவில் வேறு தளத்துக்குப் போகாதீர்கள். போன் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டீர்களா? திரும்பப் போர்ட்டலில் இருந்தே தொடங்குங்கள்.

கூப்பன் தேடித் தரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை இந்த நேரத்தில் நிறுத்தி வையுங்கள். 'கூப்பன் இருக்கிறதா பார்க்கட்டுமா?' என்று எட்டிப்பார்க்கும் அந்தப் பெட்டியை நீங்கள் அழுத்தினால் கடைசிக் கிளிக் அதனுடையதாகிவிடும், கூப்பன் கிடைக்காவிட்டாலும்கூட. வேறெங்கோ எடுத்த கூப்பன் எண்ணைப் போட்டாலும் சில கடைகள் மைலை மறுக்கும். போர்ட்டலிலேயே காட்டியிருக்கும் கூப்பன் பாதுகாப்பானது. ஆனால் வெளிக் கூப்பன் பெரிய தள்ளுபடி தருகிறது என்றால், மைலை விட்டுவிட்டுத் தள்ளுபடியை வாங்குங்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மொபைலில் இன்னொரு சிக்கல் உண்டு. போர்ட்டலில் கிளிக் செய்ததும் கடையின் ஆப் திறந்துகொண்டால் பல நேரம் அடையாளம் அறுந்துபோகும். கம்ப்யூட்டரில் வாங்குவதே நிம்மதி.

படி 5: பணம் கட்டுவது

போர்ட்டல் தரும் மைல் வேறு, கிரெடிட் கார்டு தரும் புள்ளி வேறு. இரண்டும் சேர்ந்தே வரும். ஆனால் மாதக் கடைசியில் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாதவர்கள் இதை மறந்துவிடலாம். சேரும் புள்ளி எல்லாம் வட்டிக்கே போதாது.

படி 6: காத்திருங்கள், ஆனால் மறந்துவிடாதீர்கள்

சில நாட்களில் போர்ட்டல் கணக்கில் 'நிலுவை' என்று காட்டும். கடையின் ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகுதான் மைல் உறுதியாகும். ஹோட்டல் பதிவு என்றால் தங்கிவிட்டு வந்த பிறகு. வராவிட்டால் கேட்டு வாங்கலாம், அதற்கு ஆதாரம் வேண்டும். கிளிக் செய்யும்போது விகிதம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆர்டர் எண், தேதி, தொகை இருக்கும் மெயிலை அழிக்காதீர்கள். புகார் கொடுக்கவும் கெடு உண்டு. அது போர்ட்டலின் உதவிப் பக்கத்தில் இருக்கும்.

படி 7: காலாவதியைக் கவனியுங்கள்

இதில் திட்டத்துக்குத் திட்டம் பெரிய வித்தியாசம். டெல்டா, யுனைடெட் மைல்களுக்குக் காலாவதி இல்லை. குவாண்டாஸில் 18 மாதம் எந்த நடவடிக்கையும் இல்லையென்றால் புள்ளிகள் போய்விடும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் சேர்த்த ஏவியோஸுக்கு அந்த அவகாசம் 36 மாதம். இப்படி நடவடிக்கையைப் பொறுத்த திட்டங்களில், போர்ட்டல் வழியாக ஒரு சின்னப் பொருள் வாங்கினாலே கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் இந்த வழி செல்லாது. அங்கே சேர்த்த ஒவ்வொரு மைலுக்கும் 3 ஆண்டுதான் ஆயுள், இடையில் எவ்வளவு வாங்கினாலும் சரி. உங்கள் திட்டம் எந்த வகை என்று பார்த்து, அந்தத் தேதியை இன்றே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.