தெருக் குழாய்வரை நல்ல தண்ணீர்: குடிநீர்ப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு புழல், செம்பரம்பாக்கம், மீஞ்சூர், நெம்மேலி என்று ஊருக்குத் தண்ணீர் வரும் வழிகள் பெருகிவிட்டன. எங்கிருந்து கிளம்பினாலும் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலைத் தாண்டும்போது தண்ணீர் பொதுவாக நன்றாகத்தான் இருக்கும். கெடுவதெல்லாம் அங்கிருந்து வீட்டுக் குழாய்க்கு வரும் வழியில். பராமரிப்பில் நடக்கும் தவறுகளும் அந்த வழியில்தான் அதிகம்.

முதல் தவறு, குளோரினைத் தொட்டியடியில் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் எழுதுவது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. எஞ்சிய குளோரின், அதாவது கிருமியைக் கொன்றது போக மிஞ்சி நிற்கும் குளோரின், வேண்டும். அது பயனீட்டாளர் பிடிக்கும் தண்ணீரில் இருக்க வேண்டிய அளவு. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் 1 மி.கி. காட்டும் அதே நேரத்தில், குழாய் முடியும் கடைசித் தெருவில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஆகவே தினசரிச் சோதனையை அந்தக் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

சோதிக்கும் முறையிலும் பிசகு நேர்கிறது. மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி. கரைசலைச் சொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால், அம்மோனியாவோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினும் கணக்கில் வந்துவிடும். அந்தக் கரைசல் உடலுக்கும் நல்லதல்ல. இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி மாத்திரையே மேல். போட்டுக் கரைந்ததும் ஒரு நிமிடத்துக்குள் நிறத்தை ஒப்பிட்டுவிட வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது டிபிடி நிறத்தையே வெளுத்துவிடும். தொட்டி கழுவிய மறுநாள் நிறமே வரவில்லையென்றால், "குளோரின் இல்லை" என்று முடிவு கட்டி இன்னும் கொட்டிவிடாதீர்கள். ஒரு பங்கு தண்ணீரோடு குளோரின் இல்லாத நல்ல நீர் ஒன்பது பங்கு கலந்து மறுபடி பாருங்கள்.

பிளீச்சிங் பவுடர்: எடை மட்டும் போதாது

"லட்சம் லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ" என்பது போன்ற வாய்ப்பாட்டுக் கணக்கு பல ஊர்களில் நடக்கிறது. பவுடரின் வலு தெரியாமல் இந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. புதுப் பவுடரில் குளோரின் 33 சதவீதம் வரை இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரக்காற்று படும்படி வைத்தால் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில், லிட்டருக்கு 2 மி.கி. வீதம் போட 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீதப் பவுடரில் அது சுமார் 600 கிராம், 25 சதவீதத்தில் 800 கிராம், 15 சதவீதத்துக்கு இறங்கிய பழைய பவுடரில் 1,330 கிராம். கட்டி தட்டி, வாடையே இல்லாமல் கிடக்கும் மூட்டையை எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் தூவுவதும் தவறு. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிவை மட்டும், தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது, நீர் விழும் இடத்தில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி தொட்டிக்குள் போகக் கூடாது. ஊற்றி அரை மணி நேரமாவது ஆன பிறகே வால்வைத் திறக்க வேண்டும். படிகாரம் கரைத்த வாளியில் பிளீச்சிங்கைக் கலக்காதீர்கள். படிகாரத்தின் புளிப்பு குளோரினை வாயுவாகக் கிளப்பிவிடும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கலங்கல் நீருக்கு மருந்தைக் கூட்டிச் சரிக்கட்டுவதும் பலனற்றது. மண்துகளுக்குள் ஒளிந்த கிருமியைக் குளோரின் எட்டாது. கலங்கல் 1 என்டியு-வுக்குள் (கலங்கலை அளக்கும் அலகு) வர முதலில் வடிகட்டல் சரியாக வேண்டும். தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8.5-ஐத் தொட்டால் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் வீரியமான வடிவில் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒரு தெருவில் மட்டும் குளோரின் காணாமல் போனால்

இங்கே செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. நேற்றுவரை 0.3 காட்டிய தெருவில் இன்று பூஜ்யம். உடனே தொட்டியில் இரட்டிப்பாகப் போடச் சொல்கிறார்கள். இரண்டு நாளில் குளோரின் திரும்பிவிடும், ஆனால் குழாய்க்குள் சாக்கடை நுழைவது அப்படியே தொடரும். திடீர்ப் பூஜ்யத்தை, குளோரினைத் தின்னும் எதுவோ உள்ளே வந்துவிட்டது என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விடும் நேரத்தில் டிபிடி பெட்டியோடு கடைசி வீட்டிலிருந்து எதிர்த்திசையில் வீடுவீடாக நடங்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பிறகு 0.3. அந்த மாற்றம் நடக்கும் இரண்டு வீடுகளுக்கு இடையில்தான் ஓட்டை. பெரும்பாலும் அது மெயின் லைனில் இருக்காது. கால்வாயைக் குறுக்கே தாண்டும் துருப்பிடித்த வீட்டு இணைப்பிலோ, வீட்டை இடித்துக் கட்டியபோது மூடாமல் விட்ட பழைய இணைப்பிலோ இருக்கும். சரிசெய்யும்வரை அந்தப் பகுதி மக்களிடம் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட வேண்டும். தயங்கும் ஒவ்வொரு நாளும் குழந்தைகளின் வயிற்றுப்போக்காகத் திரும்பி வரும்.

சாக்கடை எப்படி உள்ளே வருகிறது? முறை வைத்து விடும் ஊரில் வால்வை மூடியதும் குழாய் காலியாகி உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. வீடுகளில் இணைப்பிலேயே நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் அது இன்னும் கூடும். வெளியே தேங்கிய நீரை ஓட்டை வழியே அது இழுத்துக்கொள்ளும். பலர் கவனிக்காத இன்னொரு வாய் ஏர் வால்வு. குழாய் காலியாகும்போது காற்றை உள்ளே விடுவது அதன் வேலை. மழைநீர் நிரம்பிய குழிக்குள் அது மூழ்கிக் கிடந்தால், காற்றுக்குப் பதில் குழித் தண்ணீரை உள்ளே விடும். ஆகவே மழைக்காலத்தில் தண்ணீர் நிறுத்தும் நேரத்துக்கு முன் வால்வுக் குழிகளை இறைத்துக் காலி செய்யுங்கள்.

உடைந்த குழாயை ஒட்டியதும் அவசரமாகத் திறந்துவிடுவதும் வழக்கம். புதுத் துண்டின் உட்புறத்தைக் குளோரின் கரைசலால் துடைத்துப் பொருத்தி, குழாயின் அழுக்கை வெளியேற்றும் ஸ்கவர் வால்வு வழியே தெளிவு வரும்வரை வேகமாகக் கழுவிவிடுங்கள். புதிதாக நீண்ட குழாய் பதித்தால், லிட்டருக்கு 25 மி.கி. குளோரின் நீரால் நிரப்பி 24 மணி நேரம் வைத்திருந்து, அதை முழுவதும் வெளியேற்றிய பிறகே ஊருக்குத் திறக்க வேண்டும்.

சோதனையில் ஏமாறாதீர்கள்

டிடிஎஸ் மீட்டரில் 150 என்று வந்தால் சுத்தம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அது கரைந்த உப்பை மட்டும்தான் சொல்லும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் 150 காட்டலாம். கிருமிச் சோதனைக்கு 100 மி.லி. மாதிரியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதே அளவுகோல். மாதிரி எடுக்கும் பாட்டிலில், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியில் குளோரின் கிருமியைக் கொன்று, தண்ணீர் நல்லது என்ற பொய் முடிவு வரும். பாட்டிலைக் கழுவினால் அந்த மருந்தும் போய்விடும், கழுவாமல் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். சீட்டில் தெரு, நேரம், அப்போது பார்த்த குளோரின் அளவு மூன்றும் இருந்தால்தான், முடிவு வந்த பிறகு எந்தக் குழியைத் தோண்டுவது என்று தெரியும்.