படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போகும் தொண்டருக்கு

குணமாகாத நோயில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது தமிழ்நாட்டில் இன்று அரசு வேலையும்கூட. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் (நோய் குணமாகாவிட்டாலும் வலியையும் அவதியையும் குறைக்கும் கவனிப்பு) உண்டு. ஆனால் நர்ஸுக்கு அடுத்தடுத்த வீடுகள் காத்திருக்கும். உட்கார்ந்து பேசவும், நோயாளியைக் கவனிக்கும் முறைகளை வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கவும் நேரம் இருப்பது தொண்டருக்குத்தான்.

முதல் முறை போகும் முன் நர்ஸிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: என்ன நோய், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், நோய் என்னவென்று அவருக்குத் தெரியுமா? மூன்றாவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வாசலிலேயே மகள் தனியாக அழைத்து, "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்பார். வாக்கும் கொடுக்காதீர்கள், வாதமும் செய்யாதீர்கள். "நானா எதுவும் சொல்ல மாட்டேன்மா. அவரே கேட்டா பொய் சொல்ல முடியாது. நர்ஸம்மாவை உங்களோட உட்கார்ந்து பேசச் சொல்றேன்" என்பது போதும்.

உள்ளே போனதும் நின்றுகொண்டு பேசாமல், ஒரு ஸ்டூல் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். "எனக்கு என்னம்மா ஆகும்?" என்று கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுதுங்கய்யா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். "எல்லாம் சரியாயிடும்" என்றால் அவர் அதற்கு மேல் வாய் திறக்க மாட்டார்.

அடுத்தது படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். ஆளை இழுத்தால் தோல் உரியும். அடியில் மடித்த போர்வை போட்டு, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். முழுக்க ஒருக்களிக்க வைத்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்; அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, சூட்டையும் கெட்டித்தன்மையையும் தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் தேய்ப்பது வழக்கம், ஆனால் தேய்த்தால் உள்சதை இன்னும் சிதையும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்து என்றாலே வீட்டார் பயப்படுவார்கள். டாக்டர் எழுதிய அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அபூர்வம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை (மெல்ல மெல்ல வேலை செய்யும் வகை அல்ல) என்றால் வழக்கமாக நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பாதியில் நிறுத்துவதற்கு ஒரு முக்கியக் காரணம் மலச்சிக்கல். அதனால் பேதி மருந்து முதல் நாளிலிருந்தே கூடவே போக வேண்டும். மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை என்றால் நர்ஸுக்குச் சொல்லுங்கள். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் தொண்டர் வேலை அல்ல.

வாய் உலர்ந்தால் அரை லிட்டர் ஆறிய நீரில் அரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, மெல்லிய துணியால் துடைத்துவிடலாம்.

கடைசி நாட்களில் பசி போய்விடும். சாப்பிடாததால் சாகவில்லை, உடல் ஓய்வதால்தான் பசி போகிறது; இதை வீட்டாருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். விழுங்கும் சக்தி போன பிறகு உறவினர் ஒவ்வொருவராகப் பால் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கித் திணறச் செய்யும். சடங்கைத் தடுக்காதீர்கள். பாலில் நனைத்த பஞ்சை உதட்டில் தொட்டு வைக்கச் சொன்னால் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சு இடையிடையே நின்று வரும், கை கால் சில்லிடும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பதறிப்போய் 108-ஐ அழைப்பார்கள். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பமானால், யாருக்குப் போன் செய்வது என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இறப்புச் சான்றுக்கும் இப்போதே வழி செய்ய வேண்டும். வீட்டில் இறந்தால் காரணத்தை டாக்டர் படிவம் 4ஏ-யில் எழுதித் தருவார். கவனித்து வந்த டாக்டர் ஒருவர் இல்லையென்றால் வீட்டார் அலைய நேரும். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.

காரியம் முடிந்து உறவினர் ஊருக்குக் கிளம்பிய பிறகு ஒரு முறை போங்கள். மீதி மார்ஃபின் மாத்திரைகளை வீட்டார் முன்னிலையில் எண்ணி, எழுதி, நர்ஸிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். இரவல் கொடுத்த காற்று மெத்தையைத் திருப்பிக் கேட்பது அன்றைக்கு வேண்டாம். அதை அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம்.