சாவி பாக்கெட்லயே இருக்கு, ஆனா கார் "சாவி இல்ல"ன்னு சொல்லுதா? இத பண்ணி பாருங்க

ரிமோட் சாவி எந்நேரமும் சிக்னல் விட்டுட்டே இருக்கும், கார் அத பிடிச்சுக்கும்னுதான் நிறைய பேரு நினைக்கிறாங்க. அப்படி இல்லங்க, முதல்ல கூப்பிடுறது கார், பட்டன அமுக்காத வரைக்கும் சாவி பதில் மட்டும்தான் சொல்லும். இத மனசுல வச்சுக்கிட்டா பாதி பிரச்சனைய நீங்களே கண்டுபிடிச்சுடலாம்.

கார் கதவு கைப்பிடிய தொட்டதும் அதுக்குள்ள இருக்கிற ஆன்டெனா பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு குரல் கொடுக்கும், அது ஒண்ணு ஒன்றரை மீட்டர் தாண்டி போகாது. சாவிக்குள்ள மூணு திசைக்கும் சேத்து காயில் வச்சிருப்பாங்க, அதனால பாக்கெட்ல எப்படி கவுந்து கிடந்தாலும் அது காதுல விழும், உடனே முழிச்சு, கார் அனுப்புன நம்பருக்கு ரகசிய கோட வச்சு கணக்கு போட்டு 433 இல்லன்னா 315 மெகாஹெர்ட்ஸ்ல பதில் அனுப்பும். காருக்குள்ளயும் இதே மாதிரி ஆன்டெனா இருக்கு, எதோட சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு வச்சுதான் சாவி உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு முடிவு பண்ணி ஸ்டார்ட் ஆக விடும்.

இப்ப சோதிச்சு பாருங்க. சாவி பட்டன அமுக்குனா கதவு திறக்குது, கைப்பிடிய தொட்டா மட்டும் திறக்கலன்னா, பேட்டரிய மாத்த ஓடாதீங்க, சாவி கூட அதே பாக்கெட்ல போன் இருக்கான்னு பாருங்க. எனக்கு ரொம்ப நாள் இதேதான் நடந்துச்சு, வயர்லெஸ் சார்ஜர் பக்கத்துலயே சாவிய வச்சுட்டு கார திட்டிக்கிட்டு இருந்தேன். கார் கூப்பிடுற அந்த 125 கிலோஹெர்ட்ஸ் சிக்னல இதெல்லாம் சுலபமா கெடுத்துடும்.

பட்டனுக்கும் கிட்ட போனாதான் வேலை செய்யுதுன்னா பேட்டரி போயிடுச்சு, நிறைய சாவில சிஆர்2032தான் இருக்கும், 3 வோல்ட். சுத்தமா செத்துட்டா சாவிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இரும்பு சாவிய உருவி கதவ திறங்க, அப்புறம் பிரேக்க மிதிச்சுக்கிட்டு ரிமோட் சாவியாலயே ஸ்டார்ட் பட்டன அமுக்குங்க. உள்ள இருக்கிற சிப்புக்கு பேட்டரியே வேணாம், காரோட காயில்லருந்தே கரண்ட் எடுத்துக்கும். சில கார்ல சாவிய வைக்க தனி இடம் இருக்கும், மேனுவல்ல பாத்துக்கோங்க.

இன்னொன்னு, தயவுசெஞ்சு சாவிய வாசல் கிட்ட மாட்டாதீங்க. ரெண்டு திருடனுங்க, ஒருத்தன் கார் கிட்ட, ஒருத்தன் வாசல்ல, காரோட குரல கருவி வச்சு அப்படியே வீட்டுக்குள்ள கடத்துனா சாவி நம்பி பதில் சொல்லிடும், 2011லயே ஆராய்ச்சியாளருங்க 10 மாடல் கார்ல இத செஞ்சு காட்டிட்டாங்க. சிக்னல் தடுக்கிற பை வாங்குங்க, வாங்குன உடனே சாவிய அதுக்குள்ள போட்டு கார் கதவ ஒட்டி நின்னு கைப்பிடிய தொடுங்க, திறந்துச்சுன்னா அந்த பைய திருப்பி கொடுத்துடுங்க.