பந்து எகிறுவதை விளக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பந்து ஏன் எகிறுகிறது என்று பள்ளிப் பிள்ளையிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: நியூட்டனின் மூன்றாம் விதி. பந்து தரையைத் தள்ளுகிறது, தரை பந்தைத் தள்ளுகிறது, முடிந்தது. விதி சரிதான். ஆனால் களிமண் உருண்டையைப் போட்டாலும் தரை அதே விதிப்படிதானே தள்ளுகிறது? அது ஏன் சப்பென்று ஒட்டிக்கொண்டு கிடக்கிறது?

இயற்பியல் வகுப்புகளில் காட்டுவதற்கென்றே இரண்டு கறுப்பு உருண்டைகள் விற்கிறார்கள். பார்வைக்கு இரட்டையர். ஒன்று நியோப்ரீன் என்ற ரப்பர், மற்றது பாலிநார்போர்னீன் என்ற வேறு வகை ரப்பர். ஒரே உயரத்திலிருந்து விட்டால் முதலாவது ஜம்மென்று மேலே வரும், இரண்டாவது ‘தொப்’பென்று விழுந்து அங்கேயே நிற்கும். மூன்றாம் விதி இரண்டுக்கும் பொது. வித்தியாசம் உள்ளே இருக்கிறது. தரையில் மோதும்போது பந்து நசுங்கும். அதுவரை இருந்த இயக்க ஆற்றல் அந்த நசுங்கலில் சேமிப்பாகும். பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது அதில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. கொடுக்காத பங்கு பெரும்பாலும் பொருளுக்குள்ளேயே வெப்பமாகிவிடும்.

அந்தப் பங்கு சத்தமாகப் போய்விட்டது என்று சிலர் எழுதுவார்கள். சத்தம் காதுக்குப் பெரிதாகக் கேட்கும், கணக்கில் அற்பம். ஸ்குவாஷ் ஆடுபவர்களைக் கேளுங்கள்: இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்து குளிர்ந்திருந்தால் எழும்பவே எழும்பாது. அதனால் ஆட்டத்துக்கு முன் சுவரில் அடித்து அடித்தே சூடாக்குவார்கள். அந்தச் சூடு வேறெங்கிருந்தும் வரவில்லை, திரும்பி வராத ஆற்றல்தான் அது.

அடுத்து, ‘மென்மையாக, இழுபடக்கூடியதாக இருந்தால் நன்றாக எகிறும்’ என்ற நம்பிக்கை. நியூட்டனே ‘பிரின்சிபியா’ என்ற தன் நூலில், ஊசல்களாகத் தொங்கவிட்ட உருண்டைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு அளந்திருக்கிறார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகள் மோதிய வேகத்தில் 9-க்கு 5 பங்குதான் விலகின. கண்ணாடி உருண்டைகள் 16-க்கு 15 பங்கு. மீட்சித்தன்மை என்பது பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம். எளிதாக நசுங்குவது வேறு சங்கதி. கனமான எஃகுப் பாளத்தின் மேல் ஒரு பேரிங் குண்டைப் போட்டுப் பாருங்கள், சாதாரண ரப்பர் பந்து தோற்றுப்போகும். அதே குண்டை மணலில் போட்டால் புதைந்துவிடும். ஆகவே ‘இந்தப் பந்து இவ்வளவு எகிறும்’ என்று தரையைச் சொல்லாமல் சொல்வதில் பொருளே இல்லை.

கணக்கில் வரும் தவறு வேறு மாதிரி. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, வழக்கமான பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட்டில் விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். 140 என்று வைத்துக்கொள்வோம். உயரத்தில் சுமார் 55 சதவீதம் மீண்டது, ஆற்றலும் அப்படியே. உடனே ‘வேகமும் 55 சதவீதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 74 சதவீதம். நொடிக்கு 7.1 மீட்டரில் இறங்கிய பந்து 5.2 மீட்டரில் கிளம்புகிறது.

நசுங்கலின் உச்சத்தில் பந்து ஒரு கணம் நிற்கிறது, எனவே அப்போது விசையும் சுழி என்பது இன்னொரு பிழை. விசை மிக அதிகமாக இருப்பதே ஏறக்குறைய அந்தக் கணத்தில்தான். அதே டென்னிஸ் பந்து 57 கிராம், தரையைத் தொட்டிருக்கும் நேரம் சுமார் 5 மில்லிநொடி என்று கொண்டால் சராசரி விசையே 140 நியூட்டன் வருகிறது. பந்தின் எடையைப் போல் 250 மடங்கு!

சரி, வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்று இறங்குபவர்களுக்கு: விடும்போது பந்தின் மேல்விளிம்பையும் எழும்பும்போது கீழ்விளிம்பையும் அளந்தால் பந்தின் விட்டம் முழுதும் பிழையாக நுழைந்துவிடும். இரண்டையும் கீழ்விளிம்பிலேயே பாருங்கள். தட்டினால் டொக்கு டொக்கென்று பொள்ளல் கேட்கும் டைல்ஸைத் தவிர்த்துவிடுங்கள். கையால் லேசாக அமுக்கி விடுவதும் கூடாது, விரல்களை விலக்கினால் போதும்.

ஸ்கேலே வேண்டாமென்றால் போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். முதல் ‘டப்’புக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளியை நொடியில் அளந்து, அதன் வர்க்கத்தை 1.23-ஆல் பெருக்கினால் பந்து எழும்பிய உயரம் மீட்டரில் கிடைக்கும். 1.07 நொடி என்றால் 1.4 மீட்டர். அடுத்த இடைவெளியை முந்தைய இடைவெளியால் வகுத்தால் வேக விகிதமே நேரடியாக வந்துவிடும், வர்க்கமூலம் கூடத் தேவையில்லை. கையிலிருந்து விட்ட கணத்துக்கும் முதல் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை மட்டும் இந்த வகுத்தலில் சேர்க்காதீர்கள். அது இறங்கும் பாதி மட்டும்தான், மற்றவை ஏறி இறங்கிய முழுப் பயணங்கள்.