ஸ்கீ விடுமுறையில் பிள்ளையின் நாளைக் கெடுக்கும் தவறுகள்

ஒரு பெப்ரவரி விடுமுறையில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்குக்காகக் குடும்பமாக சுவிசின் கிரிண்டெல்வால்டுக்குப் போயிருந்தோம். ஊருக்கு மேலே பொட்மி என்று புதிதாகப் பழகுபவர்களுக்கான சரிவு ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆறு வயது மகள் "அம்மா, கால் நோகுது" என்று பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதம் என்று நினைத்து நான் ஏசிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துச் சப்பாத்தைக் கழற்றினால், உள்ளே இரண்டு சோடிக் காலுறை. அதற்குள் சுருண்டு கிடந்த உள்காற்சட்டையின் நுனி அழுத்தி, முன்னெலும்பில் சிவப்பாக ஒரு கோடு. விரல்கள் சில்லிட்டுப் போயிருந்தன. குளிருமே என்று அத்தனையையும் போட்டுவிட்டது நான்தான்.

நம் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஸ்கீ சப்பாத்து கெட்டியான பிளாஸ்டிக், துளியும் இளகாது. இரண்டாவது காலுறை நுழைந்தால் கால் நெரிபட்டு இரத்த ஓட்டம் குறைகிறது. சூடு வருவதற்குப் பதில் விரல்கள் விறைக்கின்றன. முழங்கால் வரை வரும் மெல்லிய ஸ்கீ காலுறை ஒரு சோடி போதும். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. சப்பாத்துக்குள் காலும் காலுறையும் தவிர வேறெதுவும் போகக்கூடாது.

"வளருகிற பிள்ளைதானே" என்று ஒரு அளவு பெரிதாக வாடகைக்கு எடுப்பதும் அதே அளவு கெடுதல். குதிகால் உள்ளே எழும்பினால் ஸ்கீ பிள்ளையின் சொல் கேட்காது. நிமிர்ந்து நிற்கும்போது விரல் முன்பக்கம் லேசாகத் தொடலாம். முழங்காலை முன்னே மடித்தால் விரல் விலக வேண்டும். இதைக் கடையிலேயே செய்துபாருங்கள்.

அப்புறம், கடையில் கேட்கும் எடை, உயரம், வயது, அனுபவம் எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ காலை விட்டுக் கழன்றுவிட வேண்டும். அதற்காகச் சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பிணைப்பை இந்த விவரங்களையும் சப்பாத்தின் அடி நீளத்தையும் வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். அதிகமாக இறுக்கிவிட்டால் கழலாமல் முழங்கால் முறுகும், தளர்த்திவிட்டால் ஓட்டத்தின் நடுவே கழன்றுபோகும். அக்காவின் ஸ்கீயைத் தம்பிக்கு மாட்டிவிடுவது ஆபத்தாவது இதனால்தான். இதையெல்லாம் முதல் நாள் மாலையே முடித்துவிடுங்கள். பத்து மணி வகுப்பை வைத்துக்கொண்டு ஒன்பதரைக்கு வாடகைக் கடை வரிசையில் நின்றால், பிள்ளை அங்கேயே களைத்துவிடும்.

பெற்றோரே பழக்குவது இன்னொரு தவறு. கையைப் பிடித்து இழுத்தால் பிள்ளை பின்னால் சாய்கிறது, சாய்ந்தால் ஸ்கீயைத் திருப்ப முடியாது. ஆசிரியரிடம் விடுங்கள். மாயக் கம்பளம் என்று சொல்லும் ஓடுபட்டியில் ஏறி இறங்கி, தானாக நிற்கப் பழகும் முன் மேலே கூட்டிப்போகாதீர்கள். சறுக்குத் தடங்களின் நிற அடையாளத்தில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம் என்பது சரிதான். ஆனால் நீலத் தடத்திலும் பிள்ளை உறைந்துபோகும் செங்குத்தான துண்டு ஒன்று இருக்கலாம். சுவிசில் மஞ்சள் அடையாளம் போட்டது செப்பனிடப்படாத தடம், அந்தப் பக்கமே வேண்டாம். ஏறுவதற்கு முன், கண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியிலேயே கீழே திரும்பலாமா என்று கேட்டுவையுங்கள்.

மேகமாக இருந்தாலும் சன் கிரீம் பூசுங்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால் நாடிக்கு அடியிலும் மூக்குக்குக் கீழும்கூடக் கருகும்.

மூன்று மணிக்குப் பிறகு "இன்னும் ஒரே ஒரு தடவை" வேண்டாம். கால் சோர்ந்திருக்கும், வெளிச்சம் மங்கினால் மேடு பள்ளம் தெரியாது, பனியும் இறுகத் தொடங்கும்.

அன்று மத்தியானத்தோடு நிறுத்திவிட்டு அறைக்குத் திரும்பினோம். இரவு படுக்கப் போகும் முன், மகள் தானே ஒரு சோடிக் காலுறையை எடுத்துச் சப்பாத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மற்றதைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.